18,000 ரூபாவுக்கு முதல் கமரா: பிக்சலைப் பார்க்கவா, பற்றரியைப் பார்க்கவா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி கேட்டது:

"அக்கா, கச்சான் விற்ற காசில் 18,000 ரூபா எடுத்து வைத்திருக்கிறேன். சொந்தமாக இதுவரை ஒரு கமராவும் இருந்ததில்லை. வவுனியாவில் ஒரு கடையில் 20 மெகாபிக்சல் கமரா ஒன்றும் 16 மெகாபிக்சல் ஒன்றும் காட்டினார்கள். நாலு கூட, அதனால் 20 தான் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அம்மாவை எடுக்க வேணும், கோயில் திருவிழா எடுக்க வேணும். எதை வாங்க?"

2013 ஆகஸ்ட் 3

தம்பி, அந்த 20ஐயும் 16ஐயும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் கமராவின் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே சப்பட்டையான லித்தியம் பற்றரி இருக்கிறதா, ஏஏ என்கிற பென்ரோர்ச் பற்றரி இரண்டு போடுகிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டுக்கு முதல் கேள்வி அதுதான். லித்தியம் பற்றரி இறங்கினால் அதற்கென்றே உள்ள சார்ஜரும் வேணும், சுவரில் பிளக்கும் வேணும். திருவிழாவின் நடுவில் இறங்கினால் மிச்ச நாட்களுக்குப் படமே இருக்காது. பென்ரோர்ச் பற்றரி உங்கள் சந்திக் கடையிலும் கிடைக்கும்.

பிக்சல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கடையில் குழம்பாமல் இருக்க உதவும். ஆல்பத்தில் போடுகிற போஸ்ட்காட் அளவுப் படம் 6 அங்குலம், 4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 1800ஐ 1200ஆல் பெருக்க வேணும். 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளி வரும். பத்து இலட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல், அதாவது இரண்டு மெகாபிக்சலும் சொச்சமும். சுவரில் மாட்டுகிற 12க்கு 8 படத்துக்கே 9 மெகாபிக்சல் போதும். 16 வைத்திருப்பவருக்கு ஏற்கெனவே மிச்சம்.

இன்னொன்று. இந்த விலையில் வருகிற சின்னக் கமராக்களில் ஒளியை வாங்குகிற சென்சர் அநேகமாக ஒரே அளவுதான். 6.2 மில்லிமீற்றர் நீளம், 4.6 மில்லிமீற்றர் அகலம், ஒரு பயறை விடக் கொஞ்சம் பெரிது. அந்தத் துண்டுக் காணிக்குள் 160 கன்று நடுவதா 200 கன்று நடுவதா என்பதுதான் கடைக்காரரின் பேச்சு. காணி கூடவில்லை. நெருக்கி நட்டால் ஒவ்வொரு கன்றுக்கும் கிடைக்கிற வெயில் குறையும். மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மணல் தூவினது மாதிரித் தெரிவது அதனால்தான்.

2013 ஆகஸ்ட் 3, இரவு

எந்தக் கமரா என்று பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். பென்ரோர்ச் பற்றரியில் ஓடுகிறவை என்றால் கனன் ஏ1400, நிக்கோன் எல்27. இரண்டும் இந்த வருடம் வந்தவை, இரண்டும் 16 மெகாபிக்சல், 5 மடங்கு சூம். ஏ1400இல் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஓட்டையும் இருக்கிறது, இப்போது வருகிற கமராக்களில் அது அருமை. இவை உங்கள் காசுக்குள் வரும். கனன் எஸ்எக்ஸ்160 எனக்கு ஆசையான கமரா, ஆனால் அது உங்கள் 18,000க்குள் அடங்காது.

2013 ஆகஸ்ட் 6

பற்றரி பற்றி எழுதியதை விரித்து எழுத வேணும். "சந்திக் கடையிலும் கிடைக்கும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில். 2011 இல் கனன் ஏ1200 ஒன்றை 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். நாலு மாதச் சீட்டுக் காசு அது. வாங்கிய அன்றே பஸ்ஸால் இறங்கி, ரோர்ச்சுக்குப் போடுகிற சாதாரணப் பற்றரி இரண்டு வாங்கிப் போட்டேன். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி அடுத்த நாள். பதினொரு படம். தவளைப் பாய்ச்சல் தொடங்கும்போதே "பற்றரியை மாற்று" என்று எழுத்து வந்து லென்ஸ் உள்ளே போய்விட்டது. சின்னத் தங்கச்சி ஒன்று முதலாவதாக ஓடி வந்து என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கமராவில் பிழை இல்லை. ரோர்ச் மெல்ல மெல்ல உறிஞ்சும். கமரா பிளாஷ் அடிக்கும்போதும் லென்ஸை நீட்டும்போதும் ஒரே மூச்சில் இழுக்கும். சாதாரணக் கார்பன் பற்றரி அதற்குத் தாங்காது. அல்கலைன் என்று எழுதியது வாங்கினால் கனக்க நேரம் நிற்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் காசு. சரியான வழி திரும்பச் சார்ஜ் பண்ணுகிற நிக்கல் பற்றரி. நாலு வாங்குங்கள், இரண்டு கமராவில், இரண்டு சட்டைப் பையில். மேலே 1.2 வோல்ற் என்று போட்டிருக்கும். 1.5 இல்லையே என்று பயப்பட வேண்டாம், இழுவை கூடும்போதும் அது தளராது.

கரண்ட் இல்லாமல் எப்படிச் சார்ஜ் பண்ணுவது என்றால், அந்த நாட்களில் நான் கடையில் போன் சார்ஜ் போடுகிறவர்களோடு சேர்த்து 20 ரூபா கொடுத்துப் போட்டேன். காலையில் கொடுத்து முன்பள்ளி முடிந்து போகும்போது வாங்குவேன்.

2013 ஆகஸ்ட் 7

ஒரு சின்னத் திருத்தம். நிக்கல் பற்றரியிலும் இரண்டு வகை. பழைய வகையைச் சார்ஜ் பண்ணி அலுமாரிக்குள் வைத்தால் தானாகவே இறங்கும், ஒரு மாதம் கழித்து எடுத்தால் அரைவாசிகூட இல்லாமல் இருக்கலாம். மற்றது வாங்கும்போதே சார்ஜோடு வரும், மாதக்கணக்கில் வைத்தாலும் நிற்கும். எனலூப் என்ற பெயரில் வருவது அந்த வகை. பற்றரியில் எழுதியிருக்கிற கொள்ளளவு எண் (mAh) கூட என்று பழைய வகையை வாங்காதீர்கள். திருவிழா நாளில் கைகொடுப்பது மற்றதுதான்.

2013 ஆகஸ்ட் 12

மெமரி காட் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 8 ஜிபி போதும். 16 மெகாபிக்சல் படம் ஆயிரத்துக்கு மேல் கொள்ளும்.

ஆனால் கவனம். போன வருடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில், எந்த ஊர் என்று எழுத விருப்பமில்லை, 16 ஜிபி காட் ஒன்று பாதி விலைக்கு வாங்கினேன். முதல் சில நூறு படம் வடிவாக இருந்தது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பெயர் மட்டும் இருக்கிறது, திறந்தால் சாம்பல் நிறம். காட் உண்மையில் சின்னது, கமராவுக்கும் கணினிக்கும் 16 என்று பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் என் சித்தப்பா மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் போய்விட்டன. இரண்டாம் முறை எடுக்க முடியாத நாள் அது.

இப்போது புதுக் காட் வாங்கினால் முதலில் கணினியில் போட்டு, நிரம்பும் வரைக்கும் ஏதாவது பாட்டோ படமோ ஏற்றி, பிறகு கடைசியாக ஏறியதைத் திறந்து பார்க்கிறேன். அரை நாள் போகும். போகட்டும்.

2013 ஆகஸ்ட் 19

முதல் நாள் எழுதியதில் ஒன்றைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி முதலில் எழுதியது "அம்மாவை எடுக்க வேணும்" என்று. நான் திருவிழாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.

அம்மாவை எப்போது எடுப்பீர்கள்? பகலில் அவர் தோட்டத்தில், அடுப்படியில். ஆறுதலாக இருப்பது விளக்கு வைத்த பிறகு. விளக்கு வெளிச்சத்தில் கமரா தன் கதவைக் கால் செக்கன், அரைச் செக்கன் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை நடுங்கினால் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸுக்குள்ளேயே நடுக்கம் தாங்குகிற கமராக்கள் இருக்கின்றன, கனனில் பெயரோடு ஐஎஸ் என்று வரும். ஏ1400இல் அது இல்லை. எல்27இலும் லென்ஸுக்குள் இல்லை. 2011 இல் வந்த கனன் எஸ்எக்ஸ்150இல் இருக்கிறது, அதுவும் பென்ரோர்ச் பற்றரிதான், 12 மடங்கு சூம். பழைய இருப்பு எங்காவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஏ1400 என்று சொன்னதை இப்போதைக்குத் திரும்ப எடுக்கிறேன்.

2013 ஆகஸ்ட் 20

நேற்று எழுதிவிட்டு இரவு என் ஏ1200ஐ எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஐஎஸ் இல்லை. குப்பி விளக்கு ஒன்றை ஏற்றி, அம்மாவை விறாந்தையில் இருத்தி, கையில் பிடித்து எடுத்தது எட்டு. ஒன்றும் சரிவரவில்லை. பிறகு நீர்க்குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் கமராவை வைத்து, இரண்டு செக்கன் ரைமர் போட்டு எடுத்தேன். மூன்று எடுத்தேன், மூன்றும் நல்லது. அம்மா அசையாமல் இருந்தால் சரி. குடம் இருந்தால் ஐஎஸ் தேவையில்லையா என்று கேட்டால், அசைகிற பிள்ளைக்குக் குடமும் உதவாது, ஐஎஸ்ஸும் உதவாது. அது கமராவின் நடுக்கத்தைத்தான் தாங்கும்.

அதை விட நல்லது ஒன்று இருக்கிறது. விளக்கு வைக்க முன்னம், பின்னேரம் ஆறு மணிக்கு முதல், அம்மாவை வாசற்படியில் வெளிப்பக்கம் பார்த்து இருக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் படாத வாசல். அந்த வெளிச்சத்தில் எந்தக் கமராவும் நல்ல கமரா.

திருவிழாவில் பிளாஷை நம்ப வேண்டாம். இந்தச் சின்னப் பிளாஷ் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் போகாது. முன்னால் நிற்கிறவரின் முதுகு வெள்ளையாகும், சாம்பிராணிப் புகை வெள்ளையாகும், சாமி இருட்டுக்குள் போய்விடும். பிளாஷை அணைத்துவிட்டு, மண்டபத் தூணில் கமராவை அழுத்திப் பிடித்து, தீபம் காட்டுகிற நேரம் பார்த்து எடுங்கள். ஐயர் தீபத்தை ஒரு கணம் நிறுத்துவார், அதுதான் உங்களுக்கான நேரம். வற்றாப்பளை அம்மன் கோயிலில் இந்த வைகாசிப் பொங்கலுக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல படம் அப்படி வந்தது.

2013 செப்ரெம்பர் 1

"போனிலேயே கமரா இருக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். போனில் எடுப்பவர்கள் எடுக்கட்டும். நான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

2009 தை மாதம் யுத்தத்தால் நாங்கள் தருமபுரத்தில் இருந்து வெளிக்கிட்டபோது ஆல்பம் இரண்டையும் உடுப்புப் பெட்டிக்குள் வைத்து ட்ரக்டரில் ஏற்றினோம். விசுவமடு, பிறகு சுதந்திரபுரம், பிறகு மாத்தளன். ஒவ்வொரு இடத்திலும் பெட்டி குறைந்தது. மாத்தளனில் விட்ட பெட்டிக்குள் ஆல்பமும் இருந்தது. அப்பா 2007 இலேயே நோயில் போய்விட்டார். எங்களிடம் மிஞ்சிய அவருடைய முகம், அம்மாவின் மடியில் இருந்த அவருடைய அடையாள அட்டையில் உள்ளது மட்டும். ஒரு கட்டைவிரல் அளவு.

மீள்குடியேறி வந்த பிறகு அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். இங்கே பல வீடுகளில் அப்படித்தான் படம் தொங்குகிறது. சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போது தோளுக்குக் கீழே ஒன்றும் இருக்காது, அதனால் கோட்டும் ரையும் வைத்துச் சேர்த்துத் தருவார்கள். எங்கள் அப்பா ஒருநாளும் கோட் போட்டவரில்லை. சாரமும் தோளில் துவாயும்தான். அம்மா அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறா, ஆனால் அது தன் மனிசன் மாதிரி இல்லை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறா.

கமரா வாங்கி முதல் லீவுக்குப் பருத்தித்துறையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே 1986 இல் எடுத்த அம்மா அப்பாவின் கலியாணப் படம் ஒன்று இருந்தது. அவர்கள் தர மனமில்லை, அவர்களுக்கும் அது ஒன்றுதான். நான் அங்கேயே வைத்துப் படத்தைப் படம் எடுத்தேன். பூ அடையாளம் உள்ள கிட்டப் பார்வை மோட், பிளாஷ் இல்லை, விறாந்தை நிழலில் நிலத்தில் வைத்து, நேரே மேலே இருந்து. என் ஏ1200இன் 12 மெகாபிக்சலுக்கு அன்றுதான் உண்மையான வேலை வந்தது. அம்மாவின் சேலைக் கரைகூடத் தெரிகிறது. அப்பாவுக்கு அதில் பட்டுவேட்டி.

தம்பி, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம், அல்லது உறவுக்காரரிடம் இருக்கலாம். கமரா வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

2013 செப்ரெம்பர் 15

நேற்றுக் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. 1990க்குப் பிறகு நேற்றுத்தான். என் முன்பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார் பலர் ரயிலையே முதன்முதல் பார்த்தார்கள். நான் தண்டவாளத்தில் இருந்து கொஞ்சம் தள்ளிக் கமராவோடு நின்றேன்.

எஞ்சின் வந்தபோது அழுத்தினேன். படத்தில் இருப்பது இரண்டாம் பெட்டியின் ஜன்னல். இதைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேணும். இந்தக் கமராக்கள் பொத்தானை அழுத்தியதும் எடுப்பதில்லை. முதலில் தூரம் பார்க்கும், பிறகு வெளிச்சம் பார்க்கும், அதற்குப் பிறகுதான் எடுக்கும். பொத்தானைப் பாதி மட்டும் அழுத்திப் பிடித்தால் தூரமும் வெளிச்சமும் பார்த்து முடித்துக் காத்திருக்கும். மிச்சப் பாதியை அழுத்தியதும் உடனே எடுத்துவிடும். ரயில் வரப்போகிற இடத்தில் ஒரு கம்பத்தைப் பார்த்துப் பாதி அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்க வேணும். நேற்று கூட்டத்தின் சத்தத்தில் நான் அதை மறந்தேன்.

ஆனால் பக்கத்தில் ஒரு அம்மம்மா ரயிலைப் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றா. அவ அசையவில்லை. அந்தப் படம் கிடைத்தது.

2013 செப்ரெம்பர் 17

தூசி. சோளகக் காற்று இன்னும் நிற்கவில்லை, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் கிரவல் புழுதி. லென்ஸ் நீளுகிற குழாயின் விளிம்பில் புழுதி இருந்தால் அது உள்ளே போகும்போது கரகர என்று கேட்கும், கொஞ்ச நாளில் லென்ஸ் இறுகிவிடும். பஸ்ஸில் போகும்போது பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்து துணியால் துடைக்க முன்னம் ஊதுங்கள், துடைத்தால் மணல் கீறும்.

மாரி தொடங்கினால் எதிர்ப்பக்கம். அலுமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சின்ன உப்புப் பை மாதிரியானதை எறியாமல் எடுத்து, கமராவோடு மூடி இறுக்கமான டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். கமராவை வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவிப்பது அதைவிட நல்லது.

2013 செப்ரெம்பர் 29

படத்தைப் படம் எடுப்பது பற்றி எழுதியதில் பிழை இருக்கிறது. ஸ்ரூடியோவில் வேலை செய்த ஒரு அண்ணை திருத்தினார், நான் செய்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. சூம் இல்லாமல் மிகக் கிட்டப் போனால் படத்தின் ஓரங்கள் வெளிப்பக்கம் வளைந்து, கலியாணப் படம் பீப்பா மாதிரி வரும். பெரியம்மா வீட்டில் எடுத்ததை இப்போது பார்த்தால் சட்டம் வளைந்திருப்பது தெரிகிறது. கொஞ்சம் பின்னால் வந்து, நடுவளவு சூம் போட்டு எடுக்க வேணும். கமரா படத்துக்கு நேரே இருக்க வேணும், சரியக் கூடாது. ரைமர் போட்டால் கை ஆட்டமும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பல வருடம் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு எடுங்கள், கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், எதிரொளி தெரியாது.

அப்புறம், அச்சடிப்பது. அச்சடித்தால்தான் படம் நிற்கும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். யோசித்துப் பார்த்தால் எங்களிடம் அழிந்தது எல்லாமே அச்சடித்த படம். பிழைத்த ஒன்று ஏன் பிழைத்தது? அது வேறு வீட்டில் இருந்தது. ஆகவே இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் இருக்கிற உறவிடம். கணினிப் பிரதியையும் சீடியில் போட்டு அப்படியே கொடுத்து வையுங்கள். முடிந்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் அனுப்புங்கள்.

2013 ஒக்டோபர் 15

தம்பி கமரா வாங்கிவிட்டார். நான் இரண்டாவதாகச் சொன்ன எஸ்எக்ஸ்150 ஒன்று கிடைத்ததாம், ஆனால் 17,000. அதை எடுத்தால் பற்றரிக்கும் மெமரி காட்டுக்கும் ஆயிரம்தான் மிஞ்சும். அவர் ஏ1400ஐ 13,200க்கு வாங்கி, மிச்சத்தில் நாலு நிக்கல் பற்றரி, சார்ஜர், 8 ஜிபி காட் எல்லாம் முடித்திருக்கிறார். இன்னொரு காரணமும் சொன்னார், எனக்கு அது மனதில் படவே இல்லை. கடை வாசலில் வெயிலில் இரண்டையும் பிடித்துப் பார்த்திருக்கிறார். எஸ்எக்ஸின் திரையில் தன் முகத்தின் நிழல்தான் தெரிந்ததாம். ஏ1400ஐக் கண்ணில் வைத்தால் எல்லாம் தெரிந்ததாம். தோட்டத்தில் நிற்கிற அம்மாவை எடுக்கிறவருக்கு அதுதான் சரி. நான் விளக்கைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் வெயிலைப் பற்றி நினைத்தார்.

விஜயதசமிக்கு முன்பள்ளியில் ஏடு தொடக்கினோம். பச்சையரிசியில் "அ" எழுதுகிற பதினாலு பிள்ளையையும் எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் பாதிப் பொத்தான் பிடித்துக் காத்திருந்து. எல்லாவற்றையும் இரண்டு பிரதி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

அச்சடித்த படத்தில் எதால், என்ன எழுதி வைப்பது என்று தம்பி கடைசியாகக் கேட்டதற்கு: படத்தின் பின்பக்கம் பேனையால் எழுத வேண்டாம், மை காயாமல் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். பெயர், ஊர், திகதி. அம்மா என்று மட்டும் எழுதாமல் அம்மாவின் பெயரை எழுதுங்கள்.